வருஷப் பிறப்பன்று காணாமற்போனவர்கள்

ஜனவரி ஒன்றாம் தேதி
டர்பன் கடற்கரையில் மணலைப் பார்க்க முடியாது.
விடியுமுன்பே வந்து இறங்கிவிடுகிறார்கள்
லேடிஸ்மித்திலிருந்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து,
பதினைந்து பேர் வேனில் இருபத்திரண்டு பேராக,
ஐஸ் பெட்டி, பிரியாணிப் பானை, கிழிந்த குடை,
ராத்திரி விட்ட வாணத்தின் குச்சி இன்னும் கையில்.

என் வேலை மணிக்கட்டு.
ஆரஞ்சு நிறப் பட்டை, அழியாத மைப் பேனா.
பிள்ளையின் பெயர், ஒரு போன் நம்பர்.
காலை ஆறு மணி முதல் நானூறு மணிக்கட்டுகள்,
சிலதில் பால் வாசனை, சிலதில் கோழி வறுவல்.
ஒரு பையன் தன் பொம்மைக்கும் கட்டச் சொன்னான்.
கட்டினேன், நம்பரோடு.
பொம்மையின் பெயர் போலீஸ்.

பதினோரு மணிக்குமேல் தொலைய ஆரம்பிப்பார்கள்.
முதலில் அழுவதில்லை.
சும்மா நடந்துகொண்டே இருப்பார்கள்,
தொலைந்தது தாங்களல்ல, குடும்பம்தான்
என்கிற தோரணையில்.
லைஃப்கார்ட் திலோஷன்
கைக்கொருவராகப் பிடித்து வருவான்.
கூடாரத்தில் பிஸ்கட் உண்டு, ஆரஞ்சுச் சாறு உண்டு,
காற்றுப் போன பந்து ஒன்று.

பன்னிரண்டரைக்கு அவள் வந்தாள்.
மஞ்சள் நீச்சலுடை. முன்பல் இல்லை.
பட்டை இருந்தது,
எழுத்தைக் கடல் எடுத்துக்கொண்டிருந்தது.
அழியாத மை!

எனக்குத் தெரிந்த ஜூலுவில் பெயர் கேட்டேன்.
சொன்னாள்.
ஒலிபெருக்கியில் நோம்செபோ என்றேன்.
ஒரு தலையும் திரும்பவில்லை.
நோம்கெபோ என்றேன்.
பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு
என்னையே பார்த்தாள்,
அங்கே வழி தவறி நிற்பது நான்தான் என்பதுபோல.
பிறகு நாக்கை மேற்பல்லில் ஒட்டி
இழுத்துக் காட்டினாள்.
நோம்,
அப்புறம் அந்தச் சத்தம்,
அப்புறம் ஏபோ.

உச்.
அடடா, இது எங்கள் வீட்டுச் சத்தம்!
பால் பொங்கி வழிந்தால்,
தீக்குச்சி நமுத்துப்போனால்,
பக்கத்துத் தெரு பாக்கியத்தின் புருஷன்
இறந்துவிட்டான் என்றால்
அம்மா கொட்டுகிற உச்.
தமிழ் மிச்சமில்லாத வீட்டில்
தப்பிக் கிடந்த ஒன்று.
அதற்கு ஓர் எழுத்துக்கூட வைக்காமல்
பாவம் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.
இவர்களோ அதைப்
பெண்பிள்ளையின் பெயருக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள்.

என் பெயர் ஸலோஷ்ணி படயாச்சி.
படையாட்சி என்று கப்பலேறியவரை
இந்தத் துறைமுகத்துக் குமாஸ்தா எவனோ
காதுக்கு எட்டிய வரைக்கும் எழுதிக்கொண்டான்.
அவனை நிறையத் திட்டியிருக்கிறேன்.
இன்று காலையிலிருந்து
நானூறு தடவை
நானும் காதுக்கு எட்டிய வரைக்கும்தான்.

கூச்சமாக இருந்தது.
இருந்தாலும் மைக்கை வாயோடு ஒட்டி வைத்து
நோம்
உச்
ஏபோ
என்றேன்.
அலைக்கு மேலே, ரேடியோக்களுக்கு மேலே
அந்தச் சின்னச் சொடுக்கு நடந்து போயிற்று.

குடைகளுக்கு நடுவில் ஒருத்தி எழுந்தாள்.
ஒற்றைச் செருப்பு, கையில் பாதி கடித்த சோளக்கதிர்.
வந்ததும் மகள் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத்தான்
கட்டிக்கொண்டாள்.
மகள் ஏதோ சொன்னாள்.
இருவரும் சிரித்தார்கள்.
என்னைப் பற்றித்தான்.

இருட்டியதும் கணக்குப் பார்த்தோம்.
எண்பத்தாறு பேர் தொலைந்தார்கள்,
எண்பத்தாறு பேரும் போய்விட்டார்கள்.
காலி பாட்டில்களைப் பொறுக்கப் போன திலோஷன்
ஈர மணலோடு ஒன்றைக் கொண்டுவந்தான்.
பட்டையில் ஓர் எழுத்தும் அழியவில்லை.

நம்பரை அழுத்தினேன்.
அந்தப் பக்கம் ஓடுகிற வேன், பாட்டு,
யாரோ யாருக்கோ புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும் கூச்சல்.
"உங்கள் போலீஸ் இங்கே இருக்கிறார்" என்றேன்.

கொஞ்ச நேரம்
அந்த வேனில் ஒருவரும் பேசவில்லை.